ஏரி என்றதும் மெக்ரிட்சியை நினைக்காதீர்கள்

கேள்வி: என் மகனுக்கு 13 வயது. உயர்நிலை ஒன்றில் படிக்கிறான். ஈஸ்ட் கோஸ்ட்டில் நான்கு ஆண்டுகளாகப் பாய்மரப் படகு ஓட்டிப் பழகுகிறான். வரும் ஏப்ரலில், ஈஸ்டர் வாரத்தில், இத்தாலியின் கார்டா ஏரியில் நடக்கும் ஆப்டிமிஸ்ட் படகுப் போட்டிக்குச் செல்லும் குழுவில் அவனும் இருக்கிறான். குழு, பயிற்றுவிப்பாளருடன் முன்னதாகவே கிளம்பிவிடும். நானும் கணவரும் பின்னால் போய்ச் சேரலாம் என்று நினைக்கிறோம். நானும் மகனும் சிங்கப்பூர்க் குடிமக்கள். கணவர் இந்தியக் கடப்பிதழ் வைத்திருக்கும் நிரந்தரவாசி. நீண்டகால வருகை அனுமதியில் எங்களுடன் இருக்கும் மாமியார், "பிள்ளைக்கு அங்கே யார் சோறு வடிப்பார்கள்?" என்று தானும் வருவதாகச் சொல்கிறார். நாங்கள் சைவம். மகனுக்கு லேசான ஆஸ்துமா உண்டு. என்ன வாங்குவது, எதில் செலவழிப்பது, எதில் கையைச் சுருக்குவது? எல்லாவற்றுக்கும் மேலாக, நாங்கள் போகத்தான் வேண்டுமா? – தெம்பனிஸ் வாசகி

அன்புச் சகோதரிக்கு,

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். போங்கள். ஆனால் போட்டிக்குப் போகிறவன் அவன் மட்டுமே என்பதை விமானம் ஏறும் முன்பே மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். மாலையில் அவன் உதடு நீலம் பாய்ந்து கரையேறும்போது துண்டும் சுடச்சுட ரசமும் வைத்துக்கொண்டு நிற்பதற்காகத்தான் நீங்கள் போகிறீர்கள். அந்த வேலையை உங்கள் மாமியார் நம் இருவரையும்விட நன்றாகச் செய்வார். ஆகவே அவரையும் அழைத்துச் செல்லுங்கள். அவருடைய விசாதான் உங்கள் பட்டியலில் முதல் வேலை. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

இளையர் அணிகளுடன் அணி மேலாளராகப் பல ஆண்டுகளாகப் போய் வருகிறேன். 2024 ஆகஸ்ட் 9ஆம் தேதி, நம் தேசிய நாளன்று, நம் பாய்மர விளையாட்டு வீரர் மேக்சிமிலியன் மேடர் பாரிஸ் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற பிறகு இப்படிப்பட்ட கடிதங்கள் அதிகம் வருகின்றன. பெரும்பாலான பெற்றோர் ஒரே தவற்றைத்தான் செய்கிறார்கள். புதிய பாய், புதிய சுக்கான், புதிய கைக்கடிகாரம் என்று ஆயிரக்கணக்கான வெள்ளியை இறைத்துவிட்டு, விமான டிக்கெட்டில் இரண்டு இரவுகளைக் குறைத்து அதை ஈடுகட்டப் பார்க்கிறார்கள். தலைகீழாகச் செய்யுங்கள் என்பேன். காசை நாட்களுக்கும் வெதுவெதுப்புக்கும் செலவழியுங்கள். பாய்க்கு வேண்டாம். சிறுவர்களுக்கான சிறிய படகான ஆப்டிமிஸ்டில் 15 வயது நிறையும் ஆண்டு வரைதான் போட்டியிட முடியும். உயரமும் எடையும் கூடிவிட்டால் அதற்கு முன்பே பெரிய படகுக்கு மாற வேண்டியிருக்கும். இன்று வாங்கும் விலையுயர்ந்த பாய் இரண்டு ஆண்டுகளில் இன்னொரு பிள்ளையின் கைக்குப் போய்விடும்.

இப்போது அந்த ஏரியைப் பற்றி. ஏரி என்றதும் மெக்ரிட்சி நீர்த்தேக்கம் கண்முன் வந்தால் அதை அழித்துவிடுங்கள். கார்டா இத்தாலியின் மிகப் பெரிய ஏரி. ஏறத்தாழ 370 சதுர கிலோமீட்டர், அதாவது சிங்கப்பூரின் நிலப்பரப்பில் கிட்டத்தட்டப் பாதி. மிக ஆழமான இடத்தில் 346 மீட்டர். உங்கள் மகன் போகும் ரீவா நகரம் அதன் வடகோடியில் இருக்கிறது. அங்கே ஏரி குறுகி, இருபுறமும் செங்குத்தான மலைச்சுவர்களுக்கு நடுவே நீண்டு கிடக்கும். பக்கத்திலிருக்கும் பால்டோ மலை 2,200 மீட்டருக்கு மேல் உயரம். ஏப்ரலிலும் உச்சியில் பனி தெரியும். ஆண்டுதோறும் ஈஸ்டரை ஒட்டி நடக்கும் இந்தப் போட்டி 2012இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறுவர் சிறுமியரை ஒரே இடத்தில் கூட்டி கின்னஸ் பதிவில் ஏறியது. எந்த ஆண்டானாலும் நூற்றுக்கணக்கான வெள்ளைப் பாய்கள் ஒரே நேரத்தில் தண்ணீரில் இறங்குவதைப் பார்ப்பீர்கள். எல்லாமே ஒரே அளவு, ஒரே வடிவம். உங்கள் பையன் எது என்று தேடிக் கண் வலிக்கும்.

இத்தனை பேர் அங்கே போவதற்குக் காரணம் காற்று. இரவிலிருந்து முற்பகல் வரை வடக்கிலிருந்து வீசுவது பெலேர். நண்பகலுக்குப் பிறகு தெற்கிலிருந்து வருவது ஓரா. வெயில் ஏற ஏற மலைச்சரிவுகளும் பள்ளத்தாக்குகளும் சூடாகி, அங்குள்ள காற்று மேலே எழும். அந்த இடத்தை நிரப்பத் தெற்கிலிருந்து குளிர்ந்த காற்று ஏரி வழியாகப் பாயும். மலைகள் நெருங்கி நிற்கும் வடகோடியில் புனலில் ஊற்றியதுபோல் அது வேகம் பிடிக்கும். மேகமூட்டமான நாட்களில் ஓரா எழாமலும் போகலாம். அப்போது ஒத்திவைப்புக் கொடியை ஏற்றிவிடுவார்கள். பிள்ளைகள் கரையில் மணிக்கணக்காகக் காத்திருப்பார்கள். சீட்டுக்கட்டு ஒன்று கொடுத்தனுப்புங்கள். கைப்பேசியைவிட அது நல்லது: மின்கலம் தீராது, பிற நாட்டுப் பிள்ளைகளும் வந்து உட்காருவார்கள்.

ஈஸ்ட் கோஸ்ட்டில் பழகிய பிள்ளைக்கு மெல்லிய காற்றையும் கடல் நீரோட்டத்தையும் படிக்கத் தெரியும். கார்டாவில் கடலைப்போல் ஏற்றவற்றம் இல்லை. காற்று நம்முடையதைவிடக் கடுமை. இதைப் பயிற்றுவிப்பாளர் பார்த்துக்கொள்வார். அவராலும் இங்கிருந்தபடி கற்றுக்கொடுக்க முடியாத ஒன்று குளிர். நம் கடல் ஆண்டு முழுவதும் 28, 29 டிகிரி. ஏப்ரலில் கார்டாவின் தண்ணீர் பத்துப் பன்னிரண்டு டிகிரி அளவில்தான் இருக்கும். ஆப்டிமிஸ்ட் 2.3 மீட்டர் நீளமும் 35 கிலோ எடையும் கொண்ட படகு. படகு என்பதைவிடப் பாய் கட்டிய குளியல் தொட்டி என்பதே பொருத்தம். ஒவ்வொரு அலையும் மடியில் விழும், அதை அள்ளி வெளியே ஊற்றிக்கொண்டே ஓட்ட வேண்டும். அந்த ஈரத்தில் நான்கு, ஐந்து மணி நேரம் உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு விரல் மரத்துப்போனால் கயிற்றைப் பிடிக்க முடியாது. யோசனையும் மந்தமாகும். கடைசிப் பந்தயத்தில் நம் பிள்ளைகள் பின்தங்குவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். திறமை குறைந்து அல்ல, உடம்பு குளிர்ந்து.

ஆகவே உடை. இங்கே அணியும் மெல்லிய நீச்சல் சட்டை அங்கே உள்ளாடைக்குக்கூடப் போதாது. உடலோடு ஒட்டிய வெப்பம் காக்கும் உள்சட்டை, அதன்மேல் ரப்பர் போன்ற நியோப்ரீனில் தைத்த முழு நீள உடை, அதன்மேல் காற்றும் நீரும் புகாத மேல்சட்டை. நியோப்ரீன் காலணி, கையுறை, காதை மூடும் தொப்பி. பருத்தித் துணி ஒன்றுகூட வேண்டாம். நனைந்தால் அது உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். எல்லாவற்றையும் புதிதாக வாங்காதீர்கள். சென்ற ஆண்டு போய்வந்த பிள்ளைகளின் பெற்றோரைக் கேளுங்கள். எல்லார் வீட்டு அலமாரியிலும் ஒருமுறை போட்ட நியோப்ரீன் உடை ஒன்று தூங்கிக்கொண்டிருக்கும். இரண்டு ஜோடிக் கையுறை மட்டும் புதிதாக வாங்குங்கள்.

இன்னொன்று, பலரும் மறந்துவிடுவது: இத்தனையையும் அணிவித்து, அதன்மேல் அவனுடைய உயிர்காப்புச் சட்டையை மாட்டிப் பாருங்கள். இங்கே சட்டைமேல் கச்சிதமாக இருந்தது அங்கே ஜிப் ஏறாமல் நிற்கும். வரவேற்பறையில் குளிர்சாதனத்தை முழுவதும் திறந்துவிட்டு ஒத்திகை பாருங்கள். சிரிப்பான், ஆனால் செய்வான். அந்தச் சட்டையில் விசில் கட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். அது போட்டி விதி.

பயணத்துக்கு வருவோம். சிங்கப்பூரிலிருந்து மிலானுக்கு இடைநில்லா விமானம் இருக்கிறது. ஏறத்தாழ 13 மணி நேரம். ரீவாவில் ரயில் நிலையம் கிடையாது. மிலானிலிருந்து வெரோனா வழியாக ரொவெரெத்தோவுக்கு ரயில், அங்கிருந்து பஸ். நீங்கள் இருவர் மட்டுமென்றால் இதுவே போதும். மாமியாரும் நான்கு பெட்டிகளும் உடன் வந்தால் ரொவெரெத்தோவிலிருந்து ஒரு வாகனத்தை முன்பதிவு செய்யுங்கள். கணவர் தாமே கார் ஓட்ட விரும்பினால், கிளம்பும் முன் சிங்கப்பூர் வாகன ஓட்டுநர் சங்கத்தில் அனைத்துலக ஓட்டுநர் அனுமதி எடுத்துக்கொள்ள வேண்டும். நம் 3ஆம் வகுப்பு உரிமத்தில் ஓட்டுநரைத் தவிர ஏழு பேர்தான் ஏறலாம் என்பதால் ஒன்பது இருக்கை வேன் ஆசை வேண்டாம். இத்தாலிய நகரங்களின் பழைய பகுதிகளில் வெளியார் வண்டி நுழையத் தடை உண்டு. கேமரா படம் எடுக்கும், அபராதம் மாதங்கள் கழித்துத் தெம்பனிஸுக்கு வரும். இரவு விமானத்தில் இறங்கி, அதே காலையில் சாலையின் வலப்பக்கம் ஓட்டக் கிளம்புவதை நான் எவருக்கும் பரிந்துரைப்பதில்லை.

ஏப்ரலில் இத்தாலி நம்மைவிட ஆறு மணி நேரம் பின்தங்கியிருக்கும். அங்கே மாலை ஆறு மணிக்கு இங்கே நள்ளிரவு. முதல் மூன்று நாள் பிள்ளைகள் சாப்பாட்டு மேசையில் தூங்கி விழுவார்கள். விடியற்காலை மூன்று மணிக்கு விழித்துக்கொண்டு உங்களை அழைப்பார்கள். முதல் பந்தயத்துக்கு நான்கைந்து நாள் முன்னதாகக் குழு போய்ச் சேருகிறதா என்று கேளுங்கள். இரண்டே நாள் என்றால், பணிவாகக் காரணம் கேளுங்கள். நீங்கள் இருவரும் முதல் பந்தயத்துக்கு முந்தைய நாள் போய்ச் சேர்ந்தால் போதும். முன்னதாகவே போய் நின்றால், குழுவோடு ஒட்ட வேண்டிய நாட்களில் அவன் உங்களோடு ஒட்டிக்கொள்வான்.

தங்குமிடத்தைக் குழுவின் விடுதியிலேயே எடுக்காதீர்கள். ஐந்து நிமிட நடை தூரத்தில், அடுப்பு உள்ள வாடகை வீடு பாருங்கள். ஈஸ்டரில் ரீவா நிரம்பி வழியும்; கிடைக்காவிட்டால் பக்கத்து ஊர்களான தோர்போலேயும் ஆர்க்கோவும் இருக்கின்றன.

இனி காகிதங்கள். இங்கேதான் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

உங்களுக்கும் மகனுக்கும் இத்தாலிக்கு விசா தேவையில்லை. 180 நாளில் 90 நாள் வரை இருக்கலாம். கடப்பிதழ் திரும்பும் நாளிலிருந்து குறைந்தது மூன்று மாதங்களுக்குச் செல்லுபடியாக வேண்டும், ஆறு மாதம் இருந்தால் நிம்மதி. மகனுடையதை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். 16 வயதுக்குள் எடுக்கும் கடப்பிதழ் ஐந்தே ஆண்டுகளுக்குத்தான் என்பதை மறந்து விமான நிலையத்தில் அழுத குடும்பங்கள் உண்டு.

கணவருக்கும் மாமியாருக்கும் ஷெங்கன் விசா, அதாவது இத்தாலி உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா, வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்தே விண்ணப்பிக்கலாம், 15 நாளுக்கு முன் கட்டாயம் கொடுத்திருக்க வேண்டும். உண்மையில் இழுத்தடிப்பது நேர்காணல் நேரம் கிடைப்பதுதான். ஆகவே டிக்கெட் வாங்குவதற்கு முன்பே நேரத்தைப் பிடியுங்கள். குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு கட்டாயம். பெரியவர்களுக்கான விசாக் கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ. போட்டி ஏற்பாட்டாளர்களோ நம் பாய்மரச் சங்கமோ கொடுக்கும் கடிதத்தில் மகன் பெயர் இருக்கும். அதை விண்ணப்பத்தோடு இணைத்தால் பயணக் காரணம் தெளிவாகிவிடும். கணவரின் மறுநுழைவு அனுமதியும் மாமியாரின் வருகை அனுமதியும் திரும்பும் நாளைத் தாண்டிச் செல்லுபடியாக வேண்டும். ஐரோப்பாவுக்குள் நுழைவதைப் பற்றியே கவலைப்பட்டு, திரும்பச் சாங்கிக்குள் நுழைவதை மறந்துவிடுகிறோம்.

2025 அக்டோபர் 12 முதல் ஷெங்கன் நாடுகள் படிப்படியாகக் கொண்டுவந்த எல்லைப் பதிவு முறையில் விசா இல்லாமல் வருகிறவர்களும் முகப் படமும் கைரேகையும் கொடுக்க வேண்டும். கைரேகை விலக்கு 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மட்டுமே என்பதால் உங்கள் மகனும் வரிசையில் நிற்பான். வேறொரு ஷெங்கன் நாட்டில் விமானம் மாறிப் போவதாக இருந்தால் இந்தப் பதிவு அங்கேயே நடக்கும். ஒன்றரை மணி நேர இடைவெளியை நம்பி டிக்கெட் எடுக்காதீர்கள்.

நம்மவர்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு: பெயர். உங்கள் பெயருக்குப் பின்னால் உங்கள் தந்தை பெயர், கணவர் பெயருக்குப் பின்னால் அவர் தந்தை பெயர், மகன் பெயருக்குப் பின்னால் கணவர் பெயர். மூன்று பேருக்கும் மூன்று குடும்பப் பெயர் என்று ஐரோப்பிய அதிகாரி நினைத்துக்கொள்வார். கடப்பிதழில் 'எஸ்/ஓ' இருந்தால் அந்தச் சாய்கோட்டை விமான நிறுவனத்தின் படிவம் ஏற்காது. கடப்பிதழின் அடியில் இயந்திரம் படிக்கும் இரண்டு வரிகளில் பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே டிக்கெட்டிலும் போட்டிப் பதிவிலும் போடுங்கள். மூன்று இடத்தில் மூன்று விதமாக எழுதிவிட்டு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். மகன் உங்களுக்கு முன்பே பயிற்றுவிப்பாளருடன் போவதால், நீங்கள் இருவரும் கையெழுத்திட்ட ஒப்புதல் கடிதம் ஒன்று, பிறப்புச் சான்றிதழ் நகல், உங்கள் இருவரின் கடப்பிதழ் நகல் ஆகியவை அணி மேலாளரிடம் இருக்கட்டும். கடிதத்தில் நோட்டரி முத்திரை வாங்கிவிடுங்கள். அவசரச் சிகிச்சைக்கு ஒப்புதல் தருகிறோம் என்ற வரியும் அதில் வேண்டும்.

காப்பீடு இரண்டு விதம். ஒன்று, படகு இன்னொரு படகை இடித்தால் ஈடுகட்டும் மூன்றாம் தரப்புக் காப்பீடு. எவ்வளவு தொகைக்கு என்பது போட்டி அறிவிப்பில் இருக்கும். பெரும்பாலும் சங்கமோ குழுவோ எடுத்துவிடும், சான்றிதழ் நகலைக் கேட்டு வாங்குங்கள். மற்றொன்று வழக்கமான பயணக் காப்பீடு. அதில் போட்டி விளையாட்டு விலக்கப்பட்டிருக்கிறதா என்று சிறிய எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். பலவற்றில் விலக்கியிருப்பார்கள்.

பள்ளிக்கு இப்போதே கடிதம் கொடுங்கள். ஏப்ரல் மாதம் இரண்டாம் தவணை, விடுமுறை அல்ல. அந்த வாரங்களில் எந்தப் பாடத்துக்குத் தேர்வு வருகிறது என்று மகனே ஆசிரியரிடம் கேட்கட்டும். துணைப்பாட வகுப்பு ஆசிரியரிடம் நீங்கள் கேட்டுக்கொள்ளலாம். அது நம் ஊர் வழக்கம்.

பெட்டி. படகை இங்கிருந்து கொண்டுபோக வேண்டியதில்லை, அங்கே வாடகைக்கு எடுப்பார்கள். பாயையும் சுக்கான், டாகர்போர்டு (படகின் நடுவே நீருக்குள் இறக்கும் பலகை) போன்றவற்றையும் சொந்தமாகக் கொண்டுபோவதா என்பதைப் பயிற்றுவிப்பாளர் சொல்வார்; நீளமான பெட்டி என்றால் விமான நிறுவனத்திடம் முன்பே சொல்லி வைக்க வேண்டும். படகைக் கையில் வாங்கியதும் ஒவ்வொரு கீறலையும் கைப்பேசியில் படம் எடுக்கச் சொல்லுங்கள். திருப்பிக் கொடுக்கும்போது முன்பணத்தில் பிடித்தம் என்றால் அந்தப் படங்கள்தான் பேசும். படகைப் பழுதுபார்க்கும் ரெசின், பசை, தெளிப்பான் டப்பா எதுவும் விமானத்தில் ஏறாது. கத்தியும் கருவிகளும் சரக்குப் பெட்டியில், பவர் பேங்க் கைப்பெட்டியில்.

ஒருமுறை என் அணியில் ஒரு சிறுமியின் பெட்டி மூன்று நாள் கழித்து வந்தது. இரவல் உடையில், அரை அளவு பெரிய காலணியில் பயிற்சி செய்தாள். அன்றிலிருந்து என் விதி: உயிர்காப்புச் சட்டை, உள்சட்டை, கையுறை, மருந்து, காகிதங்கள் ஆகிய ஐந்தும் கைப்பெட்டியில். உயிர்காப்புச் சட்டை இடத்தை அடைக்கும்தான். வேறு எதை விட்டாலும் அதை விடாதீர்கள்.

ஆஸ்துமாவைப் பற்றி நீங்கள் ஒரு வரியில் எழுதிவிட்டீர்கள். எனக்கு அது ஒரு வரிச் செய்தி அல்ல. குளிர்ந்த காற்று மூச்சுக்குழலை இறுக்கும். இங்கே மாதத்துக்கு ஒருமுறை தேவைப்படும் இன்ஹேலர் அங்கே தினமும் தேவைப்படலாம். கிளம்பும் முன் மருத்துவரைப் பாருங்கள். மூன்று இன்ஹேலர் கொடுத்தனுப்புங்கள்: ஒன்று நீர் புகாத பையில் அவனுடன், ஒன்று பயிற்றுவிப்பாளர் படகில், ஒன்று விடுதியில். இத்தகைய இன்ஹேலர்களில் வழக்கமாக இருக்கும் சல்பியூட்டமோல் மருந்தை ஊக்கமருந்து விதிகளின்படி உறிஞ்சி எடுக்கலாம். 24 மணி நேரத்தில் 1,600 மைக்ரோகிராமும், எந்த 8 மணி நேரத்திலும் 600 மைக்ரோகிராமும் மேல் வரம்பு. மாத்திரையாக எடுக்கக் கூடாது. வேறு ஸ்டீராய்டு மருந்து ஏதேனும் எடுப்பவனாக இருந்தால் முன் அனுமதி தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். சளி பிடித்தால் கடையில் வாங்கும் மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள். அவற்றில் சிலவற்றில் இருக்கும் சூடோஎபெட்ரின், போட்டி நாட்களில் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் தடைக்குரியது. உள்ளடக்கம் எழுதாத லேகியமும் வேண்டாம். மாமியாரிடம் இதை நீங்கள் சொல்ல வேண்டாம், கணவர் சொல்லட்டும். அங்கே அவசர அழைப்பு எண் 112.

சாப்பாடு. மாமியார் பெட்டி கட்டத் தொடங்கும் முன் இந்தப் பகுதியைப் படித்துக் காட்டுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் பயணிகள் இறைச்சியும் பால்பொருள்களும் கொண்டுவரக் கூடாது. நெய், பால் பவுடர், பால்கோவா எல்லாம் அதில் அடங்கும். மோர்மிளகாய் பால்பொருளா என்று ஒரு சுங்க அதிகாரியிடம் வாதாட என் இத்தாலியம் போதாது என்பதால் நான் அதையும் விட்டுவிடுவேன். பச்சைக் கறிவேப்பிலைக்குத் தாவர நலச் சான்றிதழ் கேட்பார்கள். சான்றிதழ் இல்லாமல் கொண்டுபோகக்கூடிய பழங்கள் ஐந்தே: அன்னாசி, தேங்காய், வாழை, பேரீச்சை, டுரியான். ஆம், டுரியானைத் தடுக்காத ஐரோப்பா கறிவேப்பிலையைத் தடுக்கிறது. விமான நிறுவனம் டுரியானைத் தடுத்துவிடும், அது வேறு கதை.

தேக்காவில் ரசப்பொடி, சாம்பார்ப்பொடி, பருப்புப்பொடி, புளி, பெருங்காயம் வாங்குங்கள். பொட்டலத்தில் பெயர் அச்சிட்டிருக்கட்டும். அரிசியும் இரண்டு மூன்று கிலோ எடுத்துச் செல்லலாம். அங்கே கடைகளில் அதிகம் இருப்பது ரிசொட்டோவுக்கான அரிசி. அதில் சோறு வடித்தால் களியாகிவிடும். தயிர், பருப்பு, காய்கறி எல்லாம் அங்கேயே நன்றாகக் கிடைக்கும். மின்னழுத்தம் நம்முடையதைப்போல 230 வோல்ட் என்பதால் சிறிய சோற்றுக் குக்கர் வேலை செய்யும். செருகி மட்டும் வேறு, மாற்றி வாங்கிக்கொள்ளுங்கள். ஈஸ்டர் ஞாயிறும் திங்களும் பல கடைகளுக்குக் கதவடைப்பு. சனிக்கிழமையே சாமான் வாங்கிவிடுங்கள்.

மகன் பகலில் குழுவோடுதான் சாப்பிட வேண்டும். சைவம் என்று பதிவிலேயே எழுதச் சொல்லுங்கள். பாஸ்தா, ரொட்டி, பழம் என்று வயிறு நிறையும். ஒன்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: பார்மிஜானோ பாலாடைக்கட்டியைக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருளால்தான் உறையவைக்கிறார்கள். எல்லாப் பாஸ்தாவிலும் தூவுவார்கள். உங்கள் வீட்டுச் சைவத்தில் அது சேருமா சேராதா என்பதை இங்கேயே முடிவுசெய்து அவனிடம் சொல்லிவிடுங்கள். பசியோடு வரிசையில் நிற்கும்போது அவன் அதை யோசிக்க வேண்டாம்.

இனிக் கரையில் உங்கள் இடம். பாய்மரப் போட்டி விதிநூலில் 'ஆதரவாளர்' என்றொரு சொல் இருக்கிறது. பயிற்றுவிப்பாளர், மருத்துவர், மேலாளர் ஆகியோரோடு போட்டியாளரின் பெற்றோரும் அதில் அடக்கம். ஆதரவாளர் விதியை மீறினால் நடுவர் குழு விசாரணை வைக்கலாம்; பிள்ளைக்கே தண்டனை கொடுக்கவும் அதிகாரம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன், வேறொரு நாட்டில், ஒரு தந்தை அலைத்தடுப்புச் சுவரில் நின்று மகனுக்குக் கையசைத்து "இடப்பக்கம் போ" என்று காட்டிக்கொண்டே இருந்தார். பந்தயத்தின்போது வெளியார் உதவி கூடாது. அன்று மாலை விசாரணை நடந்தது. எச்சரிக்கையோடு விட்டார்கள். ஆனால் பையன் சாப்பிட்டுப் படுக்கும்போது மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது. மறுநாள் அவன் எப்படி ஓட்டினான் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கணவருக்குக் கையசைக்கும் பழக்கம் இருந்தால் அவர் கையில் பிளாஸ்க்கைக் கொடுத்து வையுங்கள்.

படகு வாடகைக்கு எடுத்துப் பின்னால் போகலாமா என்று சிலர் கேட்பார்கள். ஏரியின் அந்த வடபகுதியில் தனியார் மோட்டார் படகுகளுக்குத் தடை. பயிற்றுவிப்பாளர்களின் படகுகளுக்குத் தனி அனுமதி உண்டு. நல்ல தொலைநோக்கி ஒன்று இரவல் வாங்கிச் செல்லுங்கள். கரையோர நடைபாதையிலிருந்து ஓரளவு தெரியும். மேற்குச் சரிவில் ஏறும் பொனாலே மலைப்பாதை திறந்திருந்தால் மேலிருந்து முழு ஏரியும் தெரியும். பாயில் 'எஸ்ஜிபி' என்று தேடுங்கள்.

முதல் நாள் முடிவைப் பார்த்துத் திகைக்காதீர்கள். இங்கே முதல் ஐந்தில் வரும் பிள்ளை அங்கே தன் பிரிவில் அறுபதாவதாக வருவது சாதாரணம். வீட்டுக்கு அருகில் அந்த ஏரியிலேயே வளர்ந்த பிள்ளைகள் அவனோடு மோதுகிறார்கள். கரையேறியதும் "எத்தனையாவது?" என்று கேட்காதீர்கள், அது பலகையில் தொங்கும், நீங்களே படித்துக்கொள்ளலாம். ஈர உடையைக் கழற்ற உதவுங்கள், ரசத்தைக் கொடுங்கள். அவன் பேசத் தொடங்கினால் கேளுங்கள். பயிற்றுவிப்பாளர் அவர்களை உட்காரவைத்துப் பேசும் நேரத்தில் தள்ளி நில்லுங்கள்.

திரும்பும் நாளைப் பற்றி ஒன்று. கடைசிப் பந்தயம் மாலையில் முடியும், மறுநாள் காலையில் விமானம் என்று டிக்கெட் எடுத்துவிடாதீர்கள். நனைந்த நியோப்ரீன் உடை காய்ந்ததைப்போல் இரு மடங்கு கனக்கும். ஒரு நாள் இடைவெளி வைத்து, வாடகை வீட்டுப் பால்கனியில் எல்லாவற்றையும் தொங்கவிட்டுக் காயவைத்துப் பெட்டியில் போடுங்கள். ஏரி நீரில் உப்பில்லை என்பதால் அலசும் வேலை மிச்சம். அந்த ஒரு நாளில் மாமியாரை வெரோனாவுக்கு அழைத்துப் போகலாம், ரொவெரெத்தோவிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம்தான். காயாமல் கொண்டுவந்தால், மிலானில் பெட்டிக்குக் கூடுதல் கட்டணம் கட்டுவீர்கள். தெம்பனிஸில் பெட்டியைத் திறக்கும்போது வீடே மூக்கைப் பிடித்துக்கொள்ளும்.